ஸ்னோமொபைல் பழகும் முதல் நாள்: கட்டைவிரலை விடப் பழகுங்கள்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது ஒன்ராறியோவின் மஸ்கோகா, ஹலிபேர்ட்டன் பக்கங்களில் சொல்லுக்குச் சொல் உண்மை. ஏரிகள் இறுகி, பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலுக்குரிய ட்ரெயில்கள் (பாதைகள்) ஒவ்வொன்றாகத் திறப்பது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மூன்று மணிநேரம் கார் ஓடி, கொட்டேஜ் எடுத்துத் தங்கி, ஒருநாள் ஸ்னோமொபைலையும் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போமே என்று நினைக்கிற நம்மவர்களும் உண்டு. வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் விளக்கம் சொல்வார்கள். அது வண்டியைக் கிளப்பப் போதும், நிறுத்தப் போதாது.

முதல்முறை ஓட்டப் போகிறவரையும், அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற அண்ணனையோ மச்சானையோ மனதில் வைத்துத்தான் இந்தக் குறிப்புகள். எல்லாப் பயிற்சிகளுக்கும் அரைநாள் போதும். உதைபந்தாட்ட மைதானம் அளவுக்கு மரமும் வேலியும் இல்லாத சமதரை, குறைந்தது அரையடிப் பனி, அடையாளம் வைக்கப் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் வாளிகள், காணிக்காரரின் அனுமதி, இவ்வளவும் இருந்தால் சரி. உறைந்த ஏரிதானே எல்லாவற்றிலும் பெரிய மைதானம் என்று தோன்றும். முதல் நாளுக்கு அது வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

ஏன் கட்டைவிரல்

காரில் பயந்தால் கால் பெடலை விட்டு எழும்பும். ஸ்னோமொபைலில் வேகம் கொடுப்பது வலது கட்டைவிரல். கைப்பிடியில் ஓட்டுபவர் பக்கமாக இருக்கும் சிறிய நெம்பை (த்ரொட்டில்) கட்டைவிரலால் கைப்பிடியை நோக்கி அழுத்தினால் வண்டி ஓடும், விட்டால் வேகம் அடங்கும். இதில் ஒரு வினை இருக்கிறது. மனிதன் திடுக்கிட்டால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான். ஐந்து விரலும் சேர்ந்து மூடும்போது கட்டைவிரலும் மூடும். ஆகவே எந்த நொடியில் வண்டி நிற்கவேண்டுமோ, அதே நொடியில் அது பாய்கிறது. மரத்தில் மோதுவதும், நின்றுகொண்டிருக்கும் அடுத்த வண்டியின் பின்னால் ஏறுவதும் புதியவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

இதோடு கிளச்சின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்னோமொபைலில் கியர் மாற்றும் வேலை இல்லை. இயந்திரம் சுற்றும் வேகம் ஓரளவு ஏறியபிறகுதான் முன் கிளச், இயந்திரத்தின் சக்தியைக் கடத்தும் பெல்ட்டைக் கவ்வும். இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களில் இது நிமிடத்துக்கு 3,500, 4,000 சுற்று அளவில் நடக்கும். அதுவரை நெம்பை அழுத்தினாலும் சத்தம்தான் கூடும், வண்டி அசையாது. புதியவர் என்ன செய்வார்? "ஓடலையே" என்று இன்னும் கொஞ்சம் அழுத்துவார், பிறகு இன்னும் கொஞ்சம். திடீரென்று பெல்ட் கவ்வும், 250 கிலோ வண்டி ஒரேயடியாக முன்னே குதிக்கும், உடம்பு பின்னே போகும், விழாமலிருக்கக் கை இறுகும், கட்டைவிரல் முழுக்க அழுந்தும்.

ஆகவே எவ்வளவு அழுத்துவது என்பதற்கு முன்னால் எப்படி விடுவது என்பதைக் கட்டைவிரலுக்குப் பழக்கவேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

கடதாசி வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒன்ராறியோவில் ட்ரெயிலில் ஓட்டுவதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் எந்த வகுப்பாக இருந்தாலும் செல்லும், கார் பழகுநருக்கான ஜி1-உம் போதும். அது இல்லாதவர்களுக்கு 12 வயதிலிருந்து ஸ்னோமொபைலுக்கென்றே தனி அனுமதிப்பத்திரம் உண்டு. அதற்கு ஸ்னோமொபைல் கழகங்களின் சம்மேளனமான ஓ.எஃப்.எஸ்.சி.யின் பயிற்சியை முடிக்கவேண்டும். பொது வீதியைக் கடக்க 16 வயது ஆகியிருக்கவேண்டும். வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும் வேண்டும், ஓ.எஃப்.எஸ்.சி. ட்ரெயில் என்றால் அதற்கான பெர்மிட்டும் வேண்டும். வாடகை வண்டியில் இவை வழக்கமாக இருக்கும், ஆனாலும் புறப்படுமுன் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். நாடிப்பட்டி பூட்டாத ஹெல்மெட், போடாத ஹெல்மெட் மாதிரித்தான். ட்ரெயில்களில் உச்ச வேகம் மணிக்கு 50 கி.மீ. குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கு என்ன சட்டமோ அதேதான், பறிபோவதும் கார் ஓடும் உரிமைதான். "ரோட்டிலா ஓடப்போறம், காட்டுக்குள்ளதானே" என்ற பேச்சு பொலிசாரிடம் எடுபடாது.

உடுப்பு: பருத்தியை மறந்துவிடுங்கள்

நமக்கெல்லாம் பருத்தி என்றால் நல்ல துணி. இங்கே அது எதிரி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வண்டி நின்றதும் உடம்போடு ஒட்டிக் குளிரவைக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஸ்னோமொபைல் சூட். ஜீன்ஸ் வேண்டாம்.

காற்றின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். வெப்பநிலை மறை 15 பாகை, வண்டியின் வேகம் 50 கி.மீ. என்றால் திறந்த தோலுக்கு அது மறை 29 மாதிரி. மறை 20 என்றால் மறை 35. இந்த அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரலகலம் தோல் தெரிந்தாலும் அந்த இடம் முதலில் மரத்து வெள்ளையாகும். உங்களுக்கு அது தெரியாது, எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள்.

சால்வை, நீளமான ஸ்கார்ஃப், தொங்கும் கயிறு எதுவும் வெளியே தெரியக்கூடாது. வண்டிக்கு அடியில் சுற்றுகிற பட்டையான ட்ராக்கில் துணி மாட்டினால் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். கழுத்துக்குக் குழாய் மாதிரி மாட்டும் உறை நல்லது. கையுறை தடிப்பாக இருக்கலாம், ஆனால் கட்டைவிரல் நெம்பை அழுத்துவதும் விடுவதும் தெளிவாக உணரப்படவேண்டும். கையுறையின் தொங்கல் மடிப்பு நெம்பில் சிக்குகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

கிளப்புமுன்: சுற்றி வந்து பார்ப்பது

வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். முன்னே இரண்டு ஸ்கீ, அதாவது பனியில் வழுக்கும் பலகைகள். அவற்றின் அடியில் கடினமான கார்பைட் பதித்த கம்பி ஓடும். பனியையும் ஐஸையும் கீறிப் பிடித்து வண்டியைத் திருப்புவது அதுதான். தேய்ந்து மழுங்கியிருந்தால் கைப்பிடி திரும்பும், வண்டி திரும்பாது. பின்னே றப்பர் ட்ராக், அதற்கு மேலே கவிழ்த்த தொட்டி மாதிரி டனல். பெரும்பாலான வண்டிகளில் இயந்திரத்தின் சூட்டை ஆற்றும் குழாய்கள் இந்த டனலுக்குள்தான் இருக்கின்றன. ட்ராக் வாரியடிக்கும் பனிதான் அவற்றைக் குளிர்விக்கிறது. ட்ராக்குக்கு உள்ளே தண்டவாளம் மாதிரி இரண்டு சட்டங்களில் பிளாஸ்டிக் பட்டை பொருத்தியிருக்கும். அதற்கும் பனிதான் எண்ணெய். பனி இல்லாத இடத்தில் ஸ்னோமொபைல் ஓட்டக்கூடாது என்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

பிறகு ஒழுங்காக:

1. இயந்திரம் நிறுத்தியிருக்க, த்ரொட்டில் நெம்பை ஐந்தாறு தடவை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் "டக்" என்று தானாகத் திரும்பவேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினாலோ இடையில் நின்றாலோ உள்ளே ஐஸ் கட்டியிருக்கிறது. அந்த வண்டியைக் கிளப்பவே கூடாது.
2. இடக்கைப் பக்கத்துப் பிறேக் நெம்பை அழுத்துங்கள். கல் மாதிரி நிற்கவேண்டும், பஞ்சு மாதிரிப் போகக்கூடாது.
3. கைப்பிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஸ்கீக்கு நடுவில் ஐஸ் கட்டி அடைத்திருந்தால் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பாது.
4. பெற்றோல், எண்ணெய், விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பிறேக் விளக்கு.
5. ஸ்கீயைப் பக்கவாட்டில் அசைத்து, பின் பம்பரைப் பிடித்து வண்டியின் பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் போடுங்கள். இரவில் ட்ராக் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். ஒட்டிய ட்ராக்கை த்ரொட்டிலால் பிய்க்கப் பார்த்தால் பெல்ட் ஓரிடத்தில் எரிந்து தேயும், பிறகு நடுக்காட்டில் அது அறுந்துபோகும். தூக்கும்போது முழங்காலை மடித்துத் தூக்குங்கள், முதுகை வளைத்தல்ல.
6. நிறுத்தும் பொத்தானையும் பாதுகாப்புக் கயிற்றையும் பாருங்கள். கயிற்றின் ஒரு முனை வண்டியில், மறுமுனை உங்கள் சூட்டில். நீங்கள் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். கையில் சுற்றிக்கொள்வது, கைப்பிடியில் மாட்டி வைப்பது எல்லாம் ஏமாற்று வேலை.

மூடிய கராஜுக்குள் இயந்திரத்தைச் சூடாக்கவே வேண்டாம். மணம் தெரியாத கார்பன் மொனொக்சைட் அங்கே நிரம்பும்.

பயிற்சி ஒன்று: இயந்திரம் இல்லாமல்

இதைப் பலர் சிரித்துவிட்டுத் தாண்டிப்போவார்கள். தாண்டாதீர்கள், அரைநாளில் மிகப் பெறுமதியான பத்து நிமிடம் இதுதான்.

கற்பவர் முழு உடுப்போடு, கையுறையோடு, ஹெல்மெட்டோடு வண்டியில் உட்காரட்டும். கண்ணை மூடிக்கொண்டு த்ரொட்டில், பிறேக், நிறுத்தும் பொத்தான் மூன்றையும் தொட்டுக் காட்டட்டும். தேடக்கூடாது, கை தானாகப் போகவேண்டும். நிறுத்தும் பொத்தான் பெரும்பாலும் வலக்கைப்பிடிக்கு அருகில்தான் இருக்கும், ஆனாலும் வண்டிக்கு வண்டி இடம் மாறும்.

பிறகு கற்பவர் த்ரொட்டிலைப் பாதிவரை அழுத்தி வைத்திருக்கட்டும். சொல்லிக்கொடுப்பவர் எதிர்பாராத நேரத்தில் "விடு!" என்று கத்தவேண்டும். கற்பவர் கட்டைவிரலை நெம்பிலிருந்து முழுதாக எடுத்து மேலே நீட்டிக் காட்டவேண்டும். வெறுமனே தளர்த்தினால் போதாது. நான்கு விரல் கைப்பிடியில், கட்டைவிரல் வானத்தைப் பார்த்து. அடுத்தது, "விடு!" என்றதும் கட்டைவிரல் மேலே போக, அதே கணத்தில் இடக்கை பிறேக்கை அழுத்தவேண்டும். பத்துத் தடவை. பத்தில் ஒரு தடவையாவது வலக்கை இறுகினால் மறுபடி பத்து. சலிப்பாகத்தான் இருக்கும்.

கடைசியாக, "த்ரொட்டில் சிக்கிட்டுது!" என்று கத்துங்கள். இதற்குப் பிறேக் பதில் அல்ல. இயந்திரம் முழு வேகத்தில் இழுக்கும்போது பிறேக் அதோடு மல்லுக்கட்டும். நிறுத்தும் பொத்தானை அடிப்பது அல்லது கயிற்றைப் பிடுங்குவதுதான் பதில். இதையும் ஐந்து தடவை.

பயிற்சி இரண்டு: கவ்வும் இடத்தைக் கண்டுபிடிப்பது

இப்போது கிளப்பலாம். முன்னே 50 மீற்றருக்கு ஆளோ மரமோ இருக்கக்கூடாது. பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது, ட்ராக் ஐஸ் துண்டை வாரி எறிந்தால் கண்ணே போகும். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில், கற்பவரின் இடப்புறம் நிற்கட்டும்.

இயந்திரம் சில நிமிடம் தானாக ஓடிச் சூடாகட்டும். முதல் வேலை, நிறுத்தும் பொத்தானால் நிறுத்தி மறுபடி கிளப்புவது. பொத்தான் உண்மையில் வேலை செய்கிறது என்று கைக்குத் தெரியவேண்டும்.

பிறகு நெம்பை மயிரிழை மயிரிழையாக அழுத்துங்கள். சத்தம் ஏறும், கைப்பிடி லேசாக நடுங்கும், பிறகு வண்டி "ம்" என்று முன்னே சாயும். அதுதான் கவ்வும் இடம். சாய்ந்ததும் விட்டுவிடுங்கள். ஓடவேண்டாம். சாய், விடு, சாய், விடு. பத்துத் தடவைக்குள் எந்த இடத்தில் பெல்ட் கவ்வுகிறது என்று விரலுக்குப் புரிந்துவிடும். விரல்நுனியால் அல்ல, கட்டைவிரலின் நடுப்பகுதியால் அழுத்துங்கள், அப்போதுதான் மெல்லிய அசைவு கையில் நிற்கும்.

புரிந்தபிறகு முதல் வாளியிலிருந்து 30 மீற்றர் தள்ளியுள்ள இரண்டாவது வாளிவரை நடை வேகத்தில் போய் நில்லுங்கள். முதல் ஐந்து தடவை பிறேக்கைத் தொடாதீர்கள். கட்டைவிரலை விட்டாலே ட்ராக் வண்டியை இழுத்துப் பிடிப்பதை உணர்வீர்கள். கற்பவரின் உடம்பில் இறுக்கம் குறைவது இந்த இடத்தில்தான். விட்டால் நிற்கும் என்று நம்பிக்கை வந்தபிறகே பிறேக்கைச் சேர்க்கவேண்டும்.

பிறேக் ட்ராக்கை மட்டும்தான் பிடிக்கும், ஸ்கீயைப் பிடிக்காது. சட்டென்று முழுக்க அழுத்தினால் ட்ராக் பூட்டி, பின்பக்கம் வழுக்கிப் பக்கவாட்டில் வரும். மெதுவாகத் தொடங்கி இறுக்கவேண்டும். வழுக்கத் தொடங்கினால் விட்டுப் பிடிக்கவேண்டும். இதை 15 கி.மீ., பிறகு 25, பிறகு 35 வேகத்தில் செய்து, நிற்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் வாளி வையுங்கள். வாளிகளுக்கு நடுவிலுள்ள தூரம் வாயால் சொல்லும் எந்த எச்சரிக்கையையும்விட நன்றாகப் பேசும்.

பயிற்சி மூன்று: திருப்பம்

மோட்டார்சைக்கிள் ஓடியவர்களுக்குத்தான் இங்கே அதிகச் சிரமம். மோட்டார்சைக்கிளில் வண்டி சாயும். ஸ்னோமொபைலில் வண்டி சாயாது, சாயவேண்டியது நீங்கள். இடப்புறம் திரும்பும்போது இருக்கையில் இடப்புறம் நகர்ந்து, இடது தோளை உள்ளே கொண்டுபோய், வலது காலைக் கால்பலகையில் ஊன்றுங்கள். சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து திருப்பினால் உள்பக்கத்து ஸ்கீ தரையைவிட்டு எழும்பும், வண்டி வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும்.

பிறேக் எல்லாம் திருப்பத்துக்கு முன்னால் முடிந்துவிடவேண்டும். திருப்பத்துக்குள் லேசான, மாறாத த்ரொட்டில். பார்வை போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும். மரத்தையே பார்த்தால் மரத்துக்கே போவீர்கள்.

கைப்பிடியைத் திருப்பியும் வண்டி நேரே வழுக்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் ஒருநாள் நடக்கும். வேகம் கூடினால் பாரம் பின்னே போய் ஸ்கீ இலேசாகும், கார்பைட் கவ்வாது. கைப்பிடியை இன்னும் திருப்பினால் ஸ்கீ பலகை மாதிரிப் பனியைத் தள்ளுமே தவிர வண்டி திரும்பாது. இங்கேயும் மருந்து அதுதான்: கட்டைவிரலைச் சற்று விடுங்கள். பாரம் முன்னே வரும், ஸ்கீ அழுந்தும், பிடிக்கும். ஒரேயடியாக முழுக்க விட்டால் பின்பக்கம் சுழலலாம், ஆகவே அளவோடு.

வாளிகளை 15 மீற்றர் இடைவெளியில் வைத்து எட்டு வடிவில் இருபது சுற்று. இடம், வலம் இரண்டும் சமமாக வரும்வரை. பலருக்கு வலப்புறம் திரும்புவது கடினம். வலக்கை உடம்போடு ஒடுங்கும்போது கட்டைவிரல் தெரியாமலே அழுந்தும், அதைக் கவனியுங்கள்.

மேடு பள்ளத்தில் பாதி எழுந்து, முழங்காலை மடித்து நில்லுங்கள். உட்கார்ந்தபடியே குலுக்கலை வாங்கினால் நாரி பிடித்துவிடும். ஏற்றத்துக்கு அடிவாரத்திலேயே வேகம் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் த்ரொட்டிலை முறுக்காதீர்கள். இறக்கத்தில் விரல் விட்டு, பிறேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். சரிவை அறுத்துக் குறுக்கே போவது முதல் நாளுக்கு உரியதல்ல.

புதைந்தால்

தளர்ந்த பனியில் வண்டி நின்றுவிடும், புதியவர் முறுக்குவார், ட்ராக் தனக்குத்தானே குழி தோண்டும். முறுக்க முறுக்க ஆழம்தான். முதல் அறிகுறியிலேயே விரலை விடுங்கள். இறங்கி, ட்ராக்குக்கு முன்னே இரண்டு மீற்றருக்குப் பனியை மிதித்து இறுக்குங்கள். கால்பலகைக்கு அடியில் அடைத்த பனியைக் கையால் தோண்டி எடுங்கள், வண்டியைத் தாங்கி நிற்பது அந்தப் பனிதான். பின்பக்கத்தைக் குழியிலிருந்து இழுத்து மிதித்த பனியில் வையுங்கள். ஒருவர் ஸ்கீயைப் பக்கத்தில் நின்று இழுக்க, மற்றவர் வண்டியின் பக்கத்தில் நின்று மெதுவாகத் த்ரொட்டில் கொடுக்கலாம். முன்னுக்கு நேரேயும் பின்னுக்கு நேரேயும் யாரும் நிற்கக்கூடாது.

கூட்டமாக ட்ரெயிலில்

வலப்பக்கம் ஒட்டி ஓடுங்கள். வளைவுக்கு அப்பால் எப்போதும் ஒரு வண்டி வருகிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். முன் வண்டி ஒரு மரத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, நான்கு வினாடிக்குப் பிறகு நீங்கள் அதைத் தாண்டவேண்டும். 50 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 55 மீற்றர். பறக்கும் பனித்தூசியில் முன் வண்டி தெரியவில்லை என்றால் இன்னும் கூட்டுங்கள். அனுபவசாலி முன்னே, அடுத்த அனுபவசாலி கடைசியில், மிகப் புதியவர் முன்னவருக்கு அடுத்ததாக. புதியவரைக் கடைசியில் விட்டால் அவர் எட்டிப்பிடிக்கத்தான் முறுக்குவார்.

கைச்சைகை எல்லாம் இடக்கையில்தான், வலக்கைக்கு வேலை இருக்கிறது. நேரே மேலே தூக்கினால் நிற்கப்போகிறேன். பக்கவாட்டில் நீட்டினால் இடம். முழங்கையை மடித்து மேலே காட்டினால் வலம். சரித்துக் கீழே நீட்டி ஆட்டினால் மெதுவாக. வளைவிலும் இடுக்கிலும் சைகை வேண்டாம், இரு கையும் கைப்பிடியில் இருக்கட்டும்.

வீதியைக் கடக்கும்போது முழுதாக நின்று, நேர்கோணத்தில், ஒருவர் பின் ஒருவராக. தார் வீதியில் ஸ்கீ பிடிக்காது, பிறேக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்பதை மறவாதீர்கள். ட்ரெயிலைச் சமப்படுத்தும் பெரிய வண்டி, க்ரூமர் என்பார்கள், பாதையையே அடைத்துக்கொண்டு மெதுவாக வரும், பெரும்பாலும் இரவில். மின்னும் விளக்கைக் கண்டதும் ஓரம்கட்டி நின்று வழி விடுங்கள்.

இரவு என்றால் ஒரு கணக்கு. தாழ்ந்த முன்விளக்கு தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய 60 மீற்றர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கண் பார்த்து மூளை முடிவெடுக்கும் ஒன்றரை வினாடிக்குள்ளேயே 33 மீற்றர் போய்விடும். மிச்சமுள்ள 27 மீற்றரில் பனியில் நிற்கவேண்டும், நிற்காது. 50-ஐத் தாண்டாதவர் அதே ஒன்றரை வினாடியில் போவது 21 மீற்றர்தான், நிற்க 39 மீற்றர் மிஞ்சும். முதல் நாள் மாலையில் சூரியன் மறையுமுன் திரும்பிவிடுவது உத்தமம்.

புறப்படுமுன் ஓ.எஃப்.எஸ்.சி.யின் ட்ரெயில் வரைபடத்தைப் பாருங்கள். பச்சை திறந்திருக்கிறது, மஞ்சள் ஓரளவே, சிவப்பு மூடியிருக்கிறது. நேற்றுப் பச்சையாக இருந்தது இன்று சிவப்பாகலாம். ட்ரெயிலில் பெரும்பகுதி தனியார் காணிக்குள் போகிறது. அடையாளத்தைவிட்டு விலகினால் அத்துமீறல், காணிக்காரர் கோபித்தால் அடுத்த வருடம் அந்த ட்ரெயிலே இருக்காது.

ஐஸ்

ஏரிக்கு மேல் போகாமலே ஒரு குளிர்காலம் முழுக்க ஸ்னோமொபைல் ஓட்டலாம். முதல் வருடம் அப்படியே ஓட்டுங்கள் என்பதுதான் இங்கே சொல்லக்கூடிய நேர்மையான அறிவுரை. போயே ஆகவேண்டும் என்றால்:

கனடிய செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்குச் சொல்லும் அளவு 25 செ.மீ. ஐஸ். அதுவும் தெளிந்த நீல ஐஸ். வெள்ளையாக மங்கிய ஐஸுக்குப் பலம் பாதிதான், ஆகவே இரட்டைத் தடிப்பு வேண்டும். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, கால் வைக்கவே வேண்டாம். கரையில் 30 செ.மீ. இருந்தால் நடுவிலும் அப்படியே இருக்கும் என்பதில்லை. ஆறு விழும் இடம், இரண்டு ஏரி சேரும் இடுக்கு, நீரோட்டம் உள்ள பாலத்தடி, இவை தையிலும் மெல்லியவை. கொட்டேஜ்களின் படகுத்துறையைச் சுற்றி ஐஸ் நெருக்காமலிருக்க நீருக்கடியில் காற்றுக்குமிழ் விடுவார்கள். அங்கே மேலே பனி மூடியிருக்கும், கீழே தண்ணீர். கழகம் நட்ட கம்பங்களை ஒட்டியே போங்கள். ஆனால் கம்பம் பாதையைத்தான் காட்டுகிறது, ஐஸுக்கு உத்தரவாதம் தரவில்லை.

பனிக்கும் ஐஸுக்கும் நடுவே தண்ணீர் ஊறிய சகதி இருந்தால் வண்டி திடீரென்று பாரமாகும். அங்கே நிற்கக்கூடாது. மாறாத த்ரொட்டிலோடு, திரும்பாமல், கரையை நோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். இந்தக் கட்டுரையில் விரலை விடாதே என்று சொல்லும் ஒரே இடம் இதுதான்.

விழுந்தால், மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கை நினைவில் வையுங்கள்: 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அதை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணிநேரம் இருக்கிறது. ஆகவே பதறவேண்டாம், அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்கவும் வேண்டாம். உடுப்பைக் கழற்றாதீர்கள், அதற்குள் அகப்பட்ட காற்று மிதக்கவைக்கும். வந்த திசைக்கே திரும்புங்கள், அங்கேதான் உங்களைத் தாங்கிய ஐஸ் இருக்கிறது. ஐஸ் குத்திகளை (கூர்முனை கொண்ட கைப்பிடிகள்) இரு கையிலும் பிடித்து ஐஸில் குத்தி, காலை நீந்துவதுபோல் உதைத்து, வயிற்றில் வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். குத்திகள் பையில் இருந்து பயனில்லை, கழுத்தில் தொங்கினாலும் உறைக்குள் அடங்கி மார்போடு இருக்கவேண்டும். மிதக்கும் வகை சூட் விலை கூடியது. ஐஸில் ஓடுகிறவருக்கு அது ஆடம்பரமல்ல.

வெறும் ஐஸில் நீண்டநேரம் ஓடினால் ட்ராக் வாரியடிக்கப் பனி இருக்காது, வெப்ப எச்சரிக்கை விளக்கு எரியும். பனியைக் கீறும் கம்பிகள் வண்டியில் இருந்தால் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஓரத்துத் தளர்ந்த பனியில் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள்.

பையில் இருக்கவேண்டியவை, இரவில் செய்யவேண்டியது

மாற்று பெல்ட், அதை மாற்றும் கருவி, இரண்டு ஸ்ட்ரோக் என்றால் மாற்று ஸ்பார்க் ப்ளக், கயிறு, விசில், தீப்பெட்டி, தலைவிளக்கு, மாற்றுக் கையுறை, ஏதாவது தின்ன. தொலைபேசி சட்டைக்குள் உடம்பு சூட்டோடு இருக்கட்டும், வெளிப்பையில் வைத்தால் குளிரில் பற்றரி இறங்கிவிடும். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னலே இல்லை. ஆகவே எந்த ட்ரெயில், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கொட்டேஜில் நிற்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெல்ட் மாற்றும்போது இயந்திரம் நின்றிருக்கவேண்டும், கயிறு கழன்றிருக்கவேண்டும். கிளச் சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அறுந்த பெல்ட்டின் நார்த் துண்டுகளை எல்லாம் பொறுக்கியெடுத்தபிறகே புதியதைப் போடுங்கள். ஒரு துண்டு மிஞ்சினாலும் புதியதும் போகும்.

திரும்பி வந்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடவேண்டாம். ட்ராக்கிலும் ஸ்கீயிலும் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள். இரண்டு பலகைத் துண்டு கொண்டுவந்து ஒன்றை ஸ்கீக்கடியிலும் ஒன்றை ட்ராக்குக்கடியிலும் வையுங்கள், காலையில் தரையோடு ஒட்டாது. த்ரொட்டில் நெம்பைச் சுற்றியுள்ள ஈரத்தைத் துணியால் துடைத்து, உறையால் மூடிவிடுங்கள். அந்த ஈரம்தான் இரவில் ஐஸாகி, காலையில் நெம்பைத் திரும்பவிடாமல் பிடிப்பது.